சிலிகோன் எமல்ஷன் தயாரிப்பு முறைக்குக் காப்புரிமை கிடைக்குமா? புதியவர்களுக்கான வழிகாட்டி

உங்கள் ரியாக்டரில் புதிதாக ஒரு சிலிகோன் எமல்ஷன், அதாவது சிலிகோன் எண்ணெய் நுண்துளிகளாகப் பரவிய தண்ணீர், இறங்கியிருக்கிறது. துணியில் போட்டால் கை உணர்வு நன்றாக இருக்கிறது. டிரம்மில் மாதக்கணக்கில் கிடந்தும் எண்ணெய் மேலே பிரியவில்லை. இதற்குக் காப்புரிமை வாங்க முடியுமா என்பது அடுத்த கேள்வி.

காப்புரிமை அலுவலகம் உங்களிடம் கேட்கப்போவது இதுதான்: உங்கள் செய்முறையில் எந்த ஒரு படி இந்த நன்மையைத் தந்தது? இதே துறையில் இருக்கும் இன்னொரு வேதியியலாளர் அந்தப் படியைத் தானாகவே செய்து பார்த்திருக்க மாட்டாரா? இந்த இரண்டுக்கும் சோதனை ஆதாரத்தோடு பதில் வைத்திருந்தால் விண்ணப்பத்துக்கு உயிர் இருக்கும். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தப் பதிலைத் தயார் செய்யும் வழிதான். இந்தியச் சட்டத்தை வைத்தே எழுதுகிறேன். திருப்பூர் பின்னலாடைக்கு மென்மை தரும் சாஃப்ட்னர்களில் பலவும் சிலிகோன் எமல்ஷன்கள் என்பதால், இந்தக் கேள்வி நம் ஊரில் நிஜமாகவே எழுகிற கேள்வி.

முதலில் உங்கள் முறை எந்த வகை என்று பிரியுங்கள்

சிலிகோன் எமல்ஷன் செய்ய அடிப்படையில் இரண்டு வழி உண்டு.

ஒன்று, ஏற்கெனவே பாலிமராகி (நீண்ட மூலக்கூறுச் சங்கிலியாகி) வந்த சிலிகோன் எண்ணெயை எடுத்து, எமல்சிஃபையரும் (துளிகள் பிரியாமல் பிடித்துக்கொள்ளும் பொருள்) தண்ணீரும் சேர்த்து, ஹோமோஜெனைசரிலோ வேகக் கலப்பானிலோ அடித்துச் சிறு துளிகளாக்குவது. இதில் புதிய வேதிப் பிணைப்பு எதுவும் உருவாவதில்லை. திருப்பூர், ஈரோடு பக்கம் அமினோ சிலிகோனை வாங்கி, எமல்சிஃபையரோடு கலந்து, அசிட்டிக் அமிலம் விட்டு நீர்க்க வைப்பது இந்த வகை.

மற்றது எமல்ஷன் பாலிமராக்கல். இங்கே சிறு மூலக்கூறுகளைத் தண்ணீரில் பரப்பிவிட்டு, பாலிமரை அங்கேயே வளர்க்கிறோம். டி4 என்று சொல்கிற எட்டு மெத்தில் கொண்ட வளையச் சிலாக்ஸேனை (சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி இணைந்த சேர்மம்) எடுக்கலாம், அல்லது இரு முனையிலும் ஹைட்ராக்ஸில் உள்ள குட்டையான சிலாக்ஸேனை எடுக்கலாம். டோடெசில் பென்ஸீன் சல்ஃபோனிக் அமிலம், சுருக்கமாக டிபிஎஸ்ஏ, இதில் இரட்டை வேலை செய்யும்: துளிகளைப் பிரியாமல் பிடித்துக்கொள்ளும், வினையையும் தூண்டும். போதிய அளவு சங்கிலி வளர்ந்ததும் டிரைஎத்தனாலமைன் போன்ற காரத்தை விட்டு அமிலத்தை நடுநிலையாக்கினால் வினை நின்றுவிடும். சில ஷாம்பு பாட்டில்களின் பின்பக்கம் டைமெத்திகோனால் என்ற சிலிகோனும், கூடவே டீஇஏ (டிரைஎத்தனாலமைன்) டோடெசில்பென்ஸீன்சல்ஃபோனேட்டும் அச்சாகியிருக்கும். நடுநிலையாக்கலில் உண்டான உப்பு அது.

இந்தப் பிரிவை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த இரண்டு வகைக்கும் சட்டத்தில் வரும் தடைகள் வேறு வேறு.

பிறகு தேடுங்கள், பழையதிலிருந்து தொடங்கி

தேடலைப் புதியவர்கள் கடைசியில் செய்கிறார்கள். சோதனை எல்லாம் முடித்து, விண்ணப்பம் எழுதும்போது 'ஒரு தடவை பார்த்துவிடலாம்' என்று. அது வீண் செலவு. இந்தத் துறை மிகவும் பழையது என்பதால் தேடலை முதலில் வையுங்கள்.

எமல்ஷனுக்குள்ளேயே சிலாக்ஸேனைப் பாலிமராக்கும் முறைக்கு ஹைட், வேர்லி என்ற இருவர் பெயரில் 1959-இலேயே அமெரிக்கக் காப்புரிமை வந்துவிட்டது, எண் 2,891,920. அதில் வலுவான அமிலமும் காரமும் வினையூக்கிகள். 1966-இல் ஃபின்ட்லே, வெய்யன்பெர்க் பெயரில் வந்த 3,294,725, பரப்பு இயங்கும் சல்ஃபோனிக் அமிலத்தையே வினையூக்கியாக்கியது. மேலே சொன்ன டிபிஎஸ்ஏ வழி அதுதான். 1986-இல் கீ என்பவரின் 4,620,878 வந்தது: அமினோ போன்ற முனைவுக் குழு உள்ள சிலிகோனை எமல்சிஃபையரோடு சேர்த்து முதலில் ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கலவையாக்கி, பிறகு தண்ணீரில் வேகமாகப் பரப்பினால் மிகச் சிறிய துளிகள் கிடைக்கும் என்பது அதன் சாரம். மைக்ரோ எமல்ஷன் சாஃப்ட்னர் செய்கிறவர் அதை ஒரு முறையாவது முழுக்கப் படிக்க வேண்டும்.

இவை எல்லாம் காலாவதியானவைதானே என்று கேட்கலாம். ஆம், அவற்றில் சொன்னதை யாரும் இன்று தாராளமாகச் செய்யலாம். ஆனால் அவற்றில் இருப்பதைப் புதுமை என்று யாரும் இனி உரிமை கோர முடியாது. காலாவதியான காப்புரிமையும் உங்கள் புதுமையைக் கெடுக்கும். இதற்கு நேர்மாறாக, உங்கள் முறை புதியது என்று காப்புரிமை கிடைத்தாலும், இன்னொருவரின் நடப்புக் காப்புரிமைக்குள் அது விழுந்தால் அவர் அனுமதியின்றி நீங்கள் உற்பத்தி செய்ய முடியாது. 'காப்புரிமை கிடைக்குமா' என்பதும் 'செய்து விற்கலாமா' என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

தேட எஸ்பேஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் மூன்றும் இலவசம். இந்திய விண்ணப்பங்களுக்கு இன்பாஸ். வெறும் சொற்களை வைத்துத் தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து விழும்; வகைப்பாட்டு எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலிகோன் பாலிமர் தயாரிப்புக்கு சி08ஜி 77/06, பாலிமரை நீர் எமல்ஷனாக்குவதற்கு சி08ஜே 3/03, சிலாக்ஸேன் கலவைகளுக்கு சி08எல் 83/04, துணியைச் சிலிகோனால் பதப்படுத்துவதற்கு டி06எம் 15/643. நெருக்கமான ஆவணங்கள் ஏழெட்டு கிடைத்தால், ஒவ்வொன்றிலும் உள்ள சோதனை எடுத்துக்காட்டுகளைப் படியுங்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு 'நம்முடையது வேறு' என்று முடிவுகட்டாதீர்கள். வெப்பநிலை, அமில அளவு, நேரம் எல்லாம் எடுத்துக்காட்டுகளில்தான் ஒளிந்திருக்கும்.

சட்டம் கேட்பது என்ன

1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மூன்றைக் கேட்கிறது: புதுமை, கண்டுபிடிப்புத் திறன், தொழிலில் பயன்படுத்தத் தக்க தன்மை. மூன்றாவது நமக்குப் பிரச்சினையே இல்லை. முதலாவது, மேலே சொன்ன தேடலில் தெரிந்துவிடும்: ஒரே ஆவணத்தில் உங்கள் முறையின் எல்லாப் படிகளும் இருந்தால் புதுமை போயிற்று.

வழக்கமாக விண்ணப்பங்கள் சிக்குவது நடுவில் உள்ளதில். ஏற்கெனவே உள்ள அறிவோடு ஒப்பிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ, அல்லது இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு துறை அறிந்தவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றக் கூடாது. 1978-இல் உச்ச நீதிமன்றம் விஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் வழக்கில் இதை நன்றாக விளக்கியது. பாத்திரங்களைக் கடைசல் செய்யும்போது பிடித்துக்கொள்ளும் முறை பற்றிய வழக்கு அது. பட்டறையில் வேலை தெரிந்த ஆள் இயல்பாகச் செய்துவிடக்கூடிய சீர்திருத்தம் போதாது, அதற்கு மேல் ஏதோ வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

நம் துறையில் 'பட்டறைச் சீர்திருத்தம்' எது? ஹோமோஜெனைசர் அழுத்தத்தைக் கூட்டித் துளியைச் சிறிதாக்குவது. ஒரு எமல்சிஃபையருக்குப் பதில் அதே எச்எல்பி எண் (எண்ணெய், நீர் இரண்டில் எதை எவ்வளவு நாடும் என்பதைக் காட்டும் எண்) உள்ள இன்னொன்றைப் போடுவது. வெப்பநிலையைக் குறைத்துச் சங்கிலியை நீளமாக்குவது. கடைசியில் சொன்னதைக் கண்டுபிடிப்பு என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் துளியின் ஓரத்தில் நடக்கும் சிலனால் குறுக்க வினை (ஹைட்ராக்ஸில் முனைகள் நீரை விட்டு இணையும் வினை) சமநிலை வினை, அதாவது இரு திசையிலும் நடப்பது. குளிரக் குளிரச் சங்கிலி நீளும் என்பது இத்துறையில் பாடம் மாதிரித் தெரிந்த விஷயம். அதை மட்டும் வைத்துப் போனால் நிற்காது.

இப்போது மூன்றாம் பிரிவு. 'இவை கண்டுபிடிப்பு அல்ல' என்று சட்டம் ஒதுக்கிய பட்டியல் அங்கே இருக்கிறது. எமல்ஷன் செய்கிறவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியவை இரண்டு.

3(இ): வெறும் கலவையாக, கூறுகளின் குணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லாத பொருளுக்கும், அதைச் செய்யும் முறைக்கும் காப்புரிமை இல்லை. முதல் வகை, அதாவது எண்ணெய், எமல்சிஃபையர், தண்ணீர் மூன்றையும் அடித்துக் கலக்கும் முறை, நேராக இந்தப் பிரிவில் போய் முட்டும். அதைத் தாண்ட வேண்டுமானால் கூறுகளின் குணங்களைக் கூட்டினால் வராத ஒரு விளைவைக் காட்ட வேண்டும். இரண்டு எமல்சிஃபையர்களைத் தனித்தனியாகப் போட்டபோது எவ்வளவு நாள் தாங்கியது, சேர்த்துப் போட்டபோது எவ்வளவு நாள் தாங்கியது, தனித்தனிப் பலன்களை வைத்துக் கணித்ததைவிட அது கூடுதலா என்பதை அட்டவணையாக வைக்க வேண்டும். 'வியப்பூட்டும் நிலைத்தன்மை' என்று எழுதிவிட்டு எண் தராத விண்ணப்பத்தை ஆய்வு அதிகாரி ஒரே வரியில் தள்ளிவிடுவார், அதில் தவறும் இல்லை.

3(டி): இதை எல்லோரும் மருந்தோடு சேர்த்தே நினைக்கிறார்கள், 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் வந்த தீர்ப்பின் காரணமாக. ஆனால் அதே பிரிவின் பின்பாதி செய்முறைகளைப் பற்றியது: தெரிந்த ஒரு செய்முறையை அப்படியே பயன்படுத்துவது கண்டுபிடிப்பு ஆகாது, அதிலிருந்து புதிய பொருள் கிடைத்தாலோ, குறைந்தது ஒரு புதிய வினைபடுபொருளைப் போட்டாலோ தவிர. எமல்ஷன் பாலிமராக்கல் செய்கிறவருக்கு இது முக்கியம். உங்கள் முறை தெரிந்த முறையிலிருந்து எந்தப் படியில் விலகுகிறது என்பதை விண்ணப்பத்திலேயே பளிச்சென்று சொல்லிவிட்டால், 'வெறும் பயன்பாடு' என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்த மாதிரி.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பிரிவு 25(1)(டி)-யின் விளக்கப்படி, ஒரு செய்முறையால் ஆன பொருள் உங்கள் விண்ணப்ப முன்னுரிமைத் தேதிக்கு (உங்கள் புதுமையை எந்த நாளை வைத்து எடைபோடுகிறார்களோ அந்த நாள்) முன்பே இந்தியாவுக்குள் இறக்குமதி ஆகியிருந்தால், அந்தச் செய்முறையே இங்கே பொதுவில் பயன்பட்டதாகக் கருதப்படும். சோதனைக்காக மட்டும் கொண்டுவந்ததற்கு விலக்கு உண்டு. சிலிகோன் எமல்ஷன்கள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிற சந்தை நம்முடையது. எதிர்ப்பு மனு போடுகிறவர் இந்த ஆயுதத்தை எடுக்கலாம்.

சோதனைகளைத் திட்டமிடுங்கள்

இந்தக் கட்டத்தில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம்.

டி4 இன்று தொல்லையான பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தில் கழுவிவிடும் அழகுப் பொருள்களில் டி4, அதே இனத்து வளையமான டி5 இரண்டும் எடையில் 0.1 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கக் கூடாது என்ற தடை 2020 ஜனவரி 31-க்குப் பின் நடப்புக்கு வந்தது. 2024-இல் வந்த 1328-ஆம் எண் விதி டி6-ஐயும் சேர்த்துத் தடையை மேலும் விரித்தது. டி4-ஐ மூலப்பொருளாகப் போடாவிட்டாலும், அமிலச் சூழலில் நீண்ட சங்கிலி தானே திரும்பிக் கடித்து வளையங்களாக உதிரும். சங்கிலி நீள வேண்டுமென்று காத்திருந்தால் டி4 ஏறும். டி4-க்குப் பயந்து சீக்கிரம் நிறுத்தினால் சங்கிலி குட்டையாகவே நிற்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும் இந்தச் சிக்கலுக்கு உங்களிடம் ஒரு வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அமிலத்தை ஒரே தவணையாக விடாமல், குறிப்பிட்ட துளி அளவு வந்த பிறகு இரண்டாவது தவணையாக விடுகிறீர்கள். (இதுவும் ஏற்கெனவே எங்கேனும் வந்திருக்கலாம், அதற்குத்தான் தேடல்.)

இதை நிரூபிக்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்? உங்களுக்கு மிக நெருங்கிய பழைய ஆவணத்தின் எடுத்துக்காட்டை அப்படியே உங்கள் கூடத்தில் திரும்பச் செய்யுங்கள். பிறகு அதே மூலப்பொருள், அதே எமல்சிஃபையர், அதே வெப்பநிலை, அதே மொத்த அமில அளவு. அமிலம் விடும் விதம் மட்டும் வேறு. ஒரே ஒரு மாற்றம். இரண்டு மாற்றங்களை ஒரே பேட்ச்சில் செய்துவிட்டால், பலன் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நீங்கள் உட்பட. பிறகு எல்லைகளைச் சோதியுங்கள்: இரண்டாம் தவணை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு தாமதம் வரை பலன் தருகிறது, எங்கே தோற்கிறது. தோற்ற பேட்ச்சுகளையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். உங்கள் எல்லை வாயில் வந்த எண் அல்ல என்பதற்கு அவைதான் சாட்சி.

அளவிடும் முறையையும் எழுதுங்கள். துளி அளவு என்றால் ஒளிச்சிதறல் கருவியில் எடுத்த சராசரியா, கன அளவு அடிப்படையிலான டி50-யா (துளிகளின் மொத்தக் கன அளவில் பாதி எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ அது)? ஒரே மாதிரிக்கு இரண்டும் வேறு எண் தரும். டி50-யில் உள்ள 'டி'க்கும் வளையச் சிலாக்ஸேன் டி4-க்கும் தொடர்பில்லை என்பதையும் விண்ணப்பத்தில் குழப்பமில்லாமல் எழுதுங்கள். பாகுநிலை என்றால் எமல்ஷனின் பாகுநிலை உதவாது. எமல்ஷனை ஐசோபுரொப்பனால் விட்டு உடைத்து, உள்ளே இருக்கும் பாலிமரைப் பிரித்தெடுத்து, 25 டிகிரி செல்சியஸில் அளக்க வேண்டும். மிச்ச டி4-க்கு வாயு நிறப்பகுப்பியல். வணிகப் பெயரில் வாங்கிய எமல்சிஃபையருக்கு அதன் வேதிப் பெயரையும் ஒரு மூலக்கூறில் உள்ள எத்திலீன் ஆக்சைடு அலகுகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். வணிகப் பெயருக்குப் பின்னால் இருக்கும் சரக்கு நாளைக்கு மாறலாம். அப்போது உங்கள் விவரிப்பு போதாது என்ற குறை வரும்.

அதுவரை வாயைத் திறக்காதீர்கள்

விண்ணப்பம் போடும் வரை வாடிக்கையாளருக்கு மாதிரி அனுப்புவது, கண்காட்சியில் வைப்பது, கல்லூரிக் கருத்தரங்கில் சுவரொட்டி ஒட்டுவது எல்லாமே ஆபத்து. சில விலக்குகள் சட்டத்தில் உண்டு, ஆனால் அவை குறுகலானவை. அவற்றை நம்பித் திட்டமிடக் கூடாது. மாதிரி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ரகசிய ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கொடுங்கள். கண்டுபிடித்த ஊழியர்களிடமிருந்து உரிமை மாற்றப் பத்திரத்தையும் இப்போதே வாங்கிவிடுங்கள். வேலையை விட்டுப் போனவரைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்குவது கொடுமை.

இங்கேயே இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும்: காப்புரிமையா, தொழில் ரகசியமா? விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகிவிடும், எல்லோரும் படிப்பார்கள். செய்முறைக் காப்புரிமை, அந்த முறையால் நேரடியாகக் கிடைக்கும் பொருளுக்கும் உரிமை தருகிறது (பிரிவு 48). சில நிலைமைகளில் 'நான் அந்த முறையில் செய்யவில்லை' என்று நிரூபிக்கும் பொறுப்பை எதிர்த்தரப்பின் மேல் போடுகிறது (பிரிவு 104ஏ). ஆனாலும் போட்டியாளரின் டிரம்மைத் திறந்து பார்த்து அவர் உங்கள் முறையைத் திருடினாரா என்று ஓரளவாவது கண்டுகொள்ள முடிய வேண்டும். அமிலம் எத்தனை தவணையில் விட்டார் என்பது சரக்கில் எந்தத் தடயமும் விடாது என்றால், ரகசியமாக வைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பொருளில் ஒரு அடையாளம், உதாரணமாக நீளமான சங்கிலியும் மிகக் குறைந்த டி4-உம் சேர்ந்தே இருப்பது, தெரியுமென்றால் காப்புரிமைக்குப் போங்கள். அப்போது பொருளையும் சேர்த்துக் கோரலாம். வேதிமுறைப் பொருள்களுக்கு இந்தியாவில் இருந்த தடை 2005 ஜனவரி 1 முதல் நீங்கிவிட்டது.

விண்ணப்பம் எழுதுவது, போடுவது

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். கிளெய்ம் எனப்படும் உரிமைக்கோரிக்கைதான் அதன் இதயம். நம் கற்பனை முறைக்கு அது இப்படிப் போகும்: முனைகளில் ஹைட்ராக்ஸில் உள்ள சிலாக்ஸேனை எமல்சிஃபையரோடு நீரில் பரப்புதல், அமிலத்தின் முதல் பகுதியைச் சேர்த்தல், சராசரித் துளி அளவு இன்ன எண்ணுக்குக் கீழே வந்த பின் மீதிப் பகுதியைச் சேர்த்தல், இன்ன வெப்பநிலையில் இன்ன நேரம் வைத்தல், காரத்தால் நடுநிலையாக்குதல். உங்கள் வெற்றிக்குக் காரணமான படி முதல் கோரிக்கையிலேயே இருக்க வேண்டும், 'கலக்குதல்' என்ற சொல்லுக்குப் பின்னால் புதைந்துவிடக் கூடாது. முதல் கோரிக்கைக்குக் கீழே படிப்படியாகக் குறுகும் எல்லைகளை வையுங்கள். அவை பின்னால் உயிர் காக்கும்.

ஆதாரம் முழுமையாக இல்லை, ஆனால் தேதி பிடிக்க வேண்டும் என்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டு 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். தற்காலிகத்தில் எழுதாத விஷயத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது என்பதை மறக்காதீர்கள். ஒரு பக்கம் கிறுக்கிப் போட்டால் ஒரு பக்கத்துக்கான பாதுகாப்புதான். வெளிநாட்டில் போடும் எண்ணம் இருந்தால், முதலில் இந்தியாவில் போட்டு 6 வாரம் காத்திருங்கள், அல்லது பிரிவு 39-இன்படி முன் அனுமதி வாங்குங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போடுகிறவர்களுக்கு சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம், இணையத்திலேயே போடலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் என்றால் இணைய வழியில் 1,600 ரூபாய், மற்றவர்களுக்கு 8,000. இது 30 பக்கம், 10 கோரிக்கை வரை; மேலே போனால் கூடுதல் கட்டணம். ஆய்வுக் கோரிக்கையான படிவம் 18-க்கு முறையே 4,000, 20,000. இதைத் தனியாகக் கொடுத்தால்தான் விண்ணப்பம் நகரும். 2024 மார்ச் 15 முதல் போட்டவற்றுக்கு முன்னுரிமைத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், பெண் விண்ணப்பதாரர் போன்றோர் படிவம் 18ஏ மூலம் விரைவு ஆய்வு கேட்கலாம். காப்புரிமை முகவர் கட்டணம் இவற்றைவிடப் பல மடங்கு வரும். ஆனால் கோரிக்கைகளை எழுதவாவது முகவரிடம் போங்கள்.

முதல் ஆய்வறிக்கை வந்ததும்

அறிக்கை வந்தால் பயப்பட வேண்டாம், எதிர்ப்பில்லாத அறிக்கை அபூர்வம். மூன்று நான்கு பழைய ஆவணங்கள், 3(டி), 3(இ), தெளிவின்மை என்று வரும். பதிலுக்கு 6 மாதம். ஒவ்வொரு ஆவணத்தையும் எடுத்து, அதில் எந்தப் படி இல்லை, அந்தப் படி இல்லாதபோது என்ன ஆகிறது என்பதை உங்கள் ஒப்பீட்டு பேட்ச்சின் எண்ணைச் சுட்டிக்காட்டிச் சொல்லுங்கள். இரண்டு ஆவணங்களைச் சேர்த்தால் உங்கள் முறை வந்துவிடும் என்று அதிகாரி சொன்னால், அவற்றைச் சேர்க்க ஒருவருக்குக் காரணம் இருந்திருக்குமா என்று பாருங்கள். ஒன்று டி4-ஐக் குறைக்கச் சீக்கிரம் நிறுத்தச் சொல்லி, மற்றது சங்கிலிக்காக நீண்ட நேரம் வைக்கச் சொன்னால், இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. அது உங்களுக்கு நல்ல வாதம்.

கோரிக்கையைத் திருத்தலாம், ஆனால் பிரிவு 59 கறாரானது: முதலில் எழுதியதற்குள் சுருக்கலாம், புதிதாக எதையும் நுழைக்க முடியாது. முதல் விவரக்குறிப்பில் '5 முதல் 40 டிகிரி' என்று மட்டும் எழுதியிருந்தால், பழைய ஆவணம் 35-ஐத் தொடும்போது '10 முதல் 15' என்று பின்வாங்க அங்கே ஆதாரம் இருக்காது. அதனால்தான் குறுகிய எல்லைகளையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எடுத்துக்காட்டையும் முதல் நாளே எழுதிவைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டால் 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சென்னை அலுவலகத்தின் ஆணை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்குப் போகும். காப்புரிமையைக் கொடுத்துவிட்டால், அது வெளியான நாளிலிருந்து ஓராண்டு வரை எதிர்ப்பு வரலாம். காப்புரிமை நீடிக்கும் 20 ஆண்டு, விண்ணப்பித்த தேதியிலிருந்தே எண்ணப்படும்.